எத்தனையாவது கட்டளை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மகதலேனா கையில் கொடுத்த சீட்டு பிரிபடாமல் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் வாராவாரம் கிள்ளானுக்குப் போய்வர அவளை விட்டால் கேத்தரினுக்கு வேறு ஆளும் இல்லை. அதனால்தான் இந்த ரகசிய எழுத்து ஏற்பாடு.

அன்றைக்கு ஸ்டேசனில், அவளைப் பார்த்துவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்பும் நேசையாவின் வண்டி ஊதிவிட்டது. மகதலேனா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கேத்தரின் அவன் காதருகே அவசர அவசரமாகச் சொன்னாள்: "நம்ம கல்யாணத்துக்கு உங்கம்மா சம்மதிச்சாங்களான்னு சீட்டு அனுப்புங்க. இங்கிலீஷ் எழுத்துல எழுதி, ஒவ்வொரு எழுத்தையும் தள்ளிப் போடுங்க. பத்துக் கட்டளையில 'களவு செய்யாதே' எத்தனையாவது கட்டளையோ, அத்தனை தள்ளி." எண்ணை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேதம் படித்த பையனுக்கு இதைக்கூடவா சொல்ல வேண்டும்!

சனிக்கிழமை சீட்டு வந்தது. மகதலேனாவின் முகம் தொங்கிப் போயிருந்தது. பாவம், பிரித்துப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. கேத்தரின் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்துக்கும் ஏழு எழுத்து பின்னால் போய்ப் பார்த்தாள். வந்தது வெறும் உளறல். மறுபடி எண்ணினாள், அதே உளறல்தான். இல்லை என்று சொல்லத் தைரியமில்லாமல் எதையோ கிறுக்கி அனுப்பிவிட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அப்பா இருதயம் கூப்பிட்டார். கத்தோலிக்கக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். அவளைப் பெண் கேட்டிருந்த கிரிகரி வீட்டுக்குச் சாயங்காலத்துக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

"அந்த மெதடிஸ்ட் பையன் நேசையா வீட்டாளுங்க இன்னும் முறையா வந்து கேக்கல. வந்தா அப்ப பேசலாம்னு சொன்னேன், யாரையும் காணோம்," என்றார். "எப்படி லா வருவாங்க? பத்துக் கட்டளையையே ஒழுங்கா எண்ணத் தெரியாத கூட்டம்! சுரூபம், சிலை வைக்கக்கூடாதுங்கறதத் தனியாப் பிரிச்சு ரெண்டாவதா வச்சுக்கிட்டாங்க. அப்புறம் எல்லாமே ஒண்ணு தள்ளிப் போச்சு. களவு செய்யாதே நமக்கு ஏழு, அவங்களுக்கு எட்டு!"

கேத்தரின் அடுப்படிக்கு ஓடினாள். எட்டு, எட்டு என்று முணுமுணுத்தபடி பென்சிலை ஓட்டினாள். சொற்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று வந்தன. 'அம்மா சரின்னுட்டாங்க. நாளைக்கு வரோம்.'

அப்பாடா! சுவரில் சாய்ந்து ஒரு பாட்டம் அழுதாள், சிரித்தாள், முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கிரிகரி வீட்ல வேணாம்னு சொல்லிடுங்கப்பா. நாளைக்குக் கிள்ளான்லேருந்து பொண்ணு கேட்டு வராங்க."

இருதயம் திகைத்துப்போனார். "யார் சொன்னது உனக்கு?"

"நீங்கதாம்பா," என்றாள் கேத்தரின்.