மழை விட்டும் ஏறிய ஈரம்

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. எனக்குக் கோபம் மட்டும் தமிழில்தான் வரும். தொண்ணூற்றாறு ஐப்பசியில் நான் தெலுங்கு பேசியதாகவே நினைவில்லை.

பீளமேட்டில் பத்து நாள் விடாத மழை. விட்ட பிறகு பார்த்தால், ஹாரிகாவின் அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம், அதன்மேல் கடுகு சிதறினாற்போலக் கறுப்புப் பூசணம். ஹாரிகா எங்கள் ஒரே மகள். பெருந்துறையில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே வர வேண்டும். அறையைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க சம்பந்தி, இந்த நாத்தத்துல பச்சக் கொழந்தைய எப்படிங்க படுக்க வெக்கறது? சுவரு காஞ்சா அனுப்பறனுங்க. இல்லாட்டி அங்கயே பாத்துக்கறோமுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். மகளின் தலைப்பிரசவத்தை ஒரு சுவருக்கு விட்டுக்கொடுப்பதா? வளைகாப்புக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது.

மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரர் பங்காரு, மொட்டை மாடி ஒழுகுகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மாடி முழுக்கச் சிமெண்ட் பால் ஊற்றினார். நான் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். கரி அடுப்பு மூட்டி வைத்தேன். டேபிள் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். பூசணம் போய்ப் போய் வந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மாடி ஒழுகினால் ஈரம் மேலிருந்துதானே இறங்க வேண்டும்? இது கீழிருந்து ஏறுகிறதே! ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். தினமும் காலையில் காபித் தம்ளரோடு போய் அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். சமையலைக்கூட மறந்தேன். மழையே இல்லாத ஒரு வாரத்தில் ஈரம் இரண்டே நாள்தான் கோட்டைத் தாண்டியது. செவ்வாய், வெள்ளி.

அந்த இரண்டு நாளும் எங்கள் தெருவுக்கு மாநகராட்சிக் குழாயில் சிறுவாணி அணைத் தண்ணீர் வரும். ஆனால் அந்தக் குழாய் வீட்டுக்கு முன்னால் இருக்கிறது. அதில் குடம் குடமாகப் பிடித்து வைத்துக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் செலவு செய்வோம். குளியல், துவையல் எல்லாம் போர்வெல் உப்புத் தண்ணீர். ஹாரிகாவின் அறைக்குப் பின்னால் குளியலறை. அங்கே சிறுவாணிக்கு என்ன வேலை?

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்க்ரூ டிரைவரால் காரையைக் குத்திப் பெயர்த்தேன். செங்கல் சந்தில் தண்ணீர் கசிந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பு. சுத்தமான சிறுவாணி. கோயமுத்தூர்க்காரி நாக்கு இதில் ஏமாறாது.

திரும்பினால் என் வீட்டுக்காரர் வாசலில் முகம் வெளுத்து நின்றார்.

"ஏனுங்க, இதுக்குள்ள நல்ல தண்ணி எப்படிங்க வந்துச்சு?"

"நாலு வருசம் முந்தி, நீ தாராபுரம் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப... பாலுசாமிய விட்டு பாத்ரூமுக்குச் சுவத்துக்குள்ளயே ஒரு லைன் இழுத்துப் போட்டேன்."

பாலுசாமி எங்கள் தெரு பிளம்பர். குளியலறையில் கெட்டுப்போச்சு, தொடாதே என்று இவர் சொல்லி வைத்திருந்த கீழ்க் குழாய் அதுதானாம். நானும் நாலு வருஷம் தொடவில்லை. என்னைச் சொல்ல வேண்டும்!

"உங்க தலையில இருக்கற நாலு முடிக்குச் சிறுவாணி கேக்குதாக்கும்?"

"எனக்கில்ல. நம்ம கண்ணு ஹாரிகாவுக்கு. உப்புத் தண்ணியில முடி கொட்டுதுன்னு காலேஜ் போறப்ப ஒரே அழுகை."

அந்த லைனை முன்பக்கமே அவரை அடைக்கச் சொல்லிவிட்டு, நேராகத் தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போய்ப் பெருந்துறைக்குப் போன் போட்டேன். அப்பனும் மகளும் கூட்டுச் சேர்ந்து என்னைத் தள்ளி வைத்திருந்தார்கள் என்பதுதான் தாங்கவில்லை.

"ஏண்டி, எங்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?"

ஹாரிகா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க இடுப்புல கையை வெச்சுட்டுக் குடம் தூக்கறதப் பாத்துட்டு, அதுல தலைக்கு ஊத்திக்கறேன்னு எப்படிம்மா கேக்கறது? நைனாதான், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், நான் பாத்துக்கறேன்னாரு."

என் கோபம் முழுக்க எங்கே போனதென்று தெரியவில்லை. சம்பந்தியம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தச் சுவரு காய இன்னும் ரெண்டு மாசம் ஆகுமுங்க. அவ என் ரூம்ல, என் கட்டில்ல படுத்துக்கட்டுமுங்க. நான் கீழ பாய் போட்டுக்கறேன்."

"சுவரு ஈரம்னுதானுங்க பயந்தேன்," என்றார் அவர். "வளைகாப்பு முடிஞ்சதுமே கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்கு வரும் வழியில் பாலுசாமியைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பப் பார்த்தான்.

"ஓடாத. நாளைக்கு வந்து அந்த லைனைப் புதுசா இழு. சுவத்துக்குள்ள வேண்டாம், என் கண்ணுக்குத் தெரியற மாதிரி வெளியில இழு. எம் புள்ள பிரசவத்துக்கு வாரா, அவளும் கொழந்தையும் நல்ல தண்ணியிலயே குளிக்கட்டும்."