ஹதனோவின் குண்டு மூன்று

கம்பெனி வேலையை உதறிவிட்டுத் தனியாகப் புரோகிராம் எழுத வந்த மினெகோவுக்கு, ஹதனோவின் சலவைக்கடைதான் முதல் வாடிக்கை. ஒசாகாவின் அந்தச் சந்தைத் தெருவில் ஒரு கடை தலையாட்டினால் போதும், தெருவே தலையாட்டும். ஒரு கடை உதட்டைப் பிதுக்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் சலவைச் சீட்டுகளைப் பதிய அவள் எழுதிய புரோகிராமை ஓட்டிப்பார்க்கும் நாளில், அழுக்குத் துணியே இல்லாதவர்கள்கூட கடைக்கு வந்து நின்றார்கள்.

ஹதனோ வாடிக்கையாளர் பெயரை அடித்தாள். சீட்டு எண் 3 அடித்தாள். 'இது எண் அல்ல' என்றது திரை.

"மூணு எண் இல்லையாம்! அப்ப என்ன, முள்ளங்கியா?"

மினெகோ எட்டி, தானே 3 அடித்தாள். சமர்த்தாக ஏற்றுக்கொண்டது. ஹதனோ பெயரிலிருந்து மறுபடி அடித்தாள். எண் அல்ல.

"உங்க கையை அதுக்குப் பிடிக்கல போல, ஹதனோ-சான்," என்றாள் எதிர்க்கடையில் சோயாக்கட்டி விற்கும் டோஃபுக்காரி.

"போடி, உன் டோஃபு புளிச்சிடப்போகுது. மினெகோ-சான், கடை சாத்துறதுக்குள்ள இது சரியாகலன்னா நான் பழையபடி பேனாவ எடுத்துருவேன், சொல்லிட்டேன்." சொன்ன கையோடு ஒரு இஞ்சி மிட்டாயையும் திணித்தாள். அங்கே திட்டு தனி, மிட்டாய் தனி.

பயப்பட வேண்டியவளுக்கு ஆர்வம்தான் முந்தியது. அவள் புரோகிராம் எழுதும் சி மொழியில் 'இஸ்டிஜிட்' என்று ஒரு வாசல் காவல்காரன் உண்டு. ஓர் ஆங்கில எழுத்தோ எண்ணோ அடங்கும் துண்டான பைட் ஒவ்வொன்றையும் நிறுத்தி, 'நீ எண்ணா?' என்பான். அவன் தம்பி 'இஸ்ஆல்ஃபா', 'நீ ஆங்கில எழுத்தா?' என்பான். வருகிற பைட்டையும் இருவருக்கும் கிடைத்த பதிலையும் திரையில் காட்டச்சொல்லி, ஃப்ளாப்பியைச் செருகி நாலு வரி சேர்த்தாள்.

"இன்னொரு தடவ அடிங்க."

ஒரு மூன்றுக்கு இரண்டு பைட் வந்து நின்றது. முதலாவது எண்ணுமில்லை, எழுத்துமில்லை. இரண்டாவது R!

"மூணுக்குள்ள R எப்படி நுழைஞ்சது?" மினெகோ சிரித்தேவிட்டாள். அடுத்த முறை திரையை விட்டுவிட்டு ஹதனோவின் விரல்களைப் பார்த்தாள். ஜப்பானிய எழுத்தில் பெயரை அடித்தவள், மொழி மாற்றும் விசையைத் தட்டாமலே எண்ணையும் அடித்தாள். வந்தது, பெயரெழுத்தைப்போல இரண்டு பைட் இடம்பிடிக்கும் குண்டு 3; அதன் பின்பாதியைத் தனியே பார்த்தால் R. மினெகோ பழக்கதோஷத்தில் விசையைத் தட்டிவிட்டு அடித்ததோ ஒரே பைட்டில் அடங்கும் ஒல்லி 3.

"எண்ணுக்கு முன்னாடி இந்த விசைய மட்டும் தட்டிடுங்களேன்."

"வாசல்ல இத்தன பேர் நிக்கும்போதா? என் கண்ணுக்கு ரெண்டும் மூணுதான். உன் மிஷினுக்குச் சொல்லிக் குடு."

மினெகோ மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். குண்டு எண்களை முதலில் ஒல்லியாக்கி, பிறகு காவல்காரனிடம் அனுப்பும்படி மாற்றினாள். ஹதனோ அடித்தாள். சீட்டு எண் 3, பதிவாயிற்று. பேனா இழுப்பறைக்குள் போனது.

"எங்கடைக்கு எப்ப வர்ற?" என்றாள் டோஃபுக்காரி. "ஆனா எங்கிட்ட எண்ணெல்லாம் கெடையாது. வர்றவங்க 'வழக்கம்போல'ன்னுதான் சொல்வாங்க."

அதைக் காவல்காரன் எப்படிச் சோதிப்பான் என்று மினெகோ அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.