இருபது கிலோவுக்குக் கீழே

லாரி டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'டன்'. எடை மேடையில் உட்கார்ந்து ஊர் லாரிகளையெல்லாம் நிறுக்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவர் உட்கார வரும்போதே நாற்காலி பெற்ற தாயை நினைத்துக்கொள்ளும். அவர் விடும் பெருமூச்சில் பக்கத்து வீட்டுக் கொடியில் ஈரத்துணி காய்ந்துவிடும். இந்தக் கேலியையெல்லாம் அவரே கட்டிவிட்டு அவரே முதலில் சிரித்த காலம் உண்டு. இப்போது சிரிப்பதில்லை. முட்டி வீங்கி, விரல் வீங்கி, காலையில் கண் திறந்ததும் ஏன் திறந்தோம் என்றிருந்தது. காரணமில்லாமல் அழுகையும் வந்தது.

மனைவி அவரை டாக்டரம்மாவிடம் கிளப்பிக்கொண்டு போவதற்குள் அவளுக்குப் பத்து வயது கூடிவிட்டது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "கொழுப்பு சும்மா தூங்குற மூட்டை இல்லைங்க. உள்ளுக்குள்ள புகைஞ்சுகிட்டே இருக்கு. அழற்சின்னு சொல்வோம். சிலருக்கு அந்தப் புகை மனசு வரைக்கும் போகுது. மனசு சோர்ந்தா இன்னும் சாப்பிடுவீங்க, அசைய மாட்டீங்க. ஒண்ணை ஒண்ணு ஊதி விடுது. இது உங்க குத்தம் இல்ல."

கடைசி வாக்கியம் மட்டும் அவர் காதில் ஏறவில்லை. அழுகைக்கும் தன் தொப்பைதான் காரணம் என்று புரிந்துகொண்டார்.

பாரம் அதிகமாக வந்த லாரிக்கு மெக்கானிக் எதற்கு? இறக்கினால் தீர்ந்தது. தொழில் சொல்லிக்கொடுத்த இந்த ஞானத்தோடு, மனச்சோர்வுக்குத் தந்த மாத்திரையை மேஜை டிராயரில் போட்டு மூடினார். சாப்பாட்டை நிறுத்தினார். டாக்டரம்மாவின் எடை மிஷினில் அரசாங்க முத்திரை இல்லை. அதை அவர் நம்புவாரா? தினமும் தன் மேடையிலேயே ஏறி நின்றார். கல்லும் மண்ணும் நிறுக்கிற மேடை அது, இருபது கிலோவுக்குக் குறைந்த மாற்றம் அதன் கண்ணில் படாது. ஊருக்கே இதை விளக்கிச் சொன்னவர் தன் விஷயத்தில் மறந்தார். நூற்று நாற்பது. பட்டினி கிடந்தார். நூற்று நாற்பது. இடுப்பில் வேட்டி நிற்காமல் நழுவியது. அப்போதும் நூற்று நாற்பது. இனி எதுவும் குறையாது, துக்கமும்கூட, என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்று மேடையில் நின்றவருக்குக் கண் இருட்டியது. சரிந்து விழுந்தார். அந்த முற்றத்தில் லாரி திரும்ப இடமில்லை. பின்பக்கமாகத்தான் மேடையேறும், கை காட்டுவது அவர் வேலை. ஜல்லி லாரி ஒன்று, பழக்கத்தில், கை காட்டாமலே பின்னால் வந்தது. சக்கரம் வருவது தெரிந்தது. புரண்டால் போதும். அவர் புரளவில்லை.

அவர் தொடாவிட்டாலும் தினமும் சாப்பாடு கொண்டுவரும் மனைவி டிபன் பாக்ஸாலேயே லாரியின் பக்கவாட்டில் அறைந்தாள். அந்தச் சத்தம் அடுத்த ஊர் வரை கேட்டிருக்கும். மேடைக்கு ஒரு சாண் முன்னால் லாரி நின்றது.

"என்னங்க, நகரக் கூடாதா?"

"நகரணும்னு தோணல."

அவள் திட்டவில்லை. மேடையில் ஏறி அவர் பக்கத்தில் சம்மணமிட்டாள்.

"இப்பவும் தோணலையா?"

அவர் வானத்தைப் பார்த்தபடியே கிடந்தார்.

"சரி. நானும் நகரல."

டிரைவர் இறங்கி வந்து பார்த்தான். பேச்சு வராமல், எடை அறைக் கண்ணாடிக்குள் ஒளிர்ந்த எடைக் கணக்கைப் பார்த்து வாய்க்கு வந்ததை உளறினான்: "அண்ணே... ரெண்டு பேரும் சேர்ந்து இருநூறு. எடைச் சீட்டு போடவா?"

"போடுங்க தம்பி, சேர்த்தே போடுங்க," என்றாள் அவள். "இவரைத் தனியா நிறுத்ததெல்லாம் போதும்."

டன்னின் வயிறு குலுங்கியது. சிரிப்பென்று நினைத்தான் டிரைவர். வெகு நேரம் அழுதார். ஜல்லி லாரிக்கு அடுத்து இன்னும் லாரிகள் வந்து நின்றன. ஒருத்தனும் ஹாரன் அடிக்கவில்லை.

"மாத்திரை டிராயர்ல இருக்கு," என்றார் கடைசியில். "ஒண்ணுகூடப் போடல. டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லு. எனக்கு வாய் வராது."

அவரைத் தூக்க கிரேன் வந்ததாக டிரைவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நம்பாதீர்கள். அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு, தானேதான் எழுந்தார்.