இரண்டு தெருவுக்கும் ஒரே எழுத்து

...இல்லை என்றாலும் இ, இருக்காங்க என்றாலும் இ, அடப்பாவி, இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றுதானே என்று கலவைக்குள் மண்வெட்டியை நட்டது நட்டபடி நின்றுவிட்டான். முப்பது வருஷமாகக் கொத்தனாருக்குச் சிமெண்டு குழைத்துக் கொடுக்கிறவன், ஒரு நாளும் கலவையைக் காயவிட்டதில்லை, இன்றைக்குக் காய்ந்தது. "என்னடா, சிலையாட்டம் நிக்கிற?" என்றார் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த கொத்தனார். "அண்ணே, சாக்பீஸ்ல ஒரு தப்புப் பண்ணிட்டேன்." "சிமெண்டுல பண்ணலேல்ல, விடு" என்று அவர் சிரித்தார், அவருக்கென்ன, இவனுக்குக் கால் ஏற்கெனவே ஊரைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டது, கையில் ஒட்டிய சிமெண்டோடு, இந்த வெயிலில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு...

பஞ்சாயத்துத் தலைவர் ஒழுங்காகத்தான் சொன்னார். வெளிநாட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், காசு வாங்காமல் வேலை செய்வார்கள், ஆள் இல்லாத வீட்டையெல்லாம் ஒழித்துச் சுண்ணாம்பு அடித்து வைத்தால் எங்கிருந்தாவது நாலு குடும்பம் குடி வரும், பள்ளிக்கூடத்தை மூடாமல் இருப்பார்கள், நீ போய்க் கதவில் அடையாளம் மட்டும் போட்டு வை என்று. ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தால் தீர்ந்தது. போடுவானா? நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டப் படித்த திமிர் சும்மா விடுமா? முதல் நாள் கீழத்தெருவில் வீடு வீடாக இ, இல்லை என்பதற்கு இ, என்ன அழகாகச் சுழித்தான், நின்று ரசித்தான் வேறு. மறுநாள் மேலத்தெரு. அங்கே குடியிருக்கிற வீட்டை அந்தப் பிள்ளைகள் தெரியாமல் தட்டித் தொந்தரவு பண்ணக்கூடாதே என்று யாரும் சொல்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இருக்காங்க, இ. மறுநாள் எழுதும்போது முதல் நாளை நினைத்தாயா? கை நினைக்கவில்லை, கைக்கு எழுத்து வந்த சந்தோஷம்...

மற்ற வீடுகளில் ஆள் உண்டு, தபால்காரர் வீட்டுக்குள் எவனாவது கால் வைத்தால் தடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அக்கா வீடு? அக்கா நாலு நாளாக டவுன் ஆஸ்பத்திரியில், கண் ஆபரேஷனுக்கு. சாவி இவனிடம். காலையில் அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளில் ஒரு நெட்டைப் பையனிடம் காலி வீட்டுச் சாவிகளைக் கொத்தோடு தூக்கிக் கொடுத்தானே, அக்கா சாவியைக் கழற்றினானா? கழற்றினமாதிரி... இல்லை, கழற்றவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் அக்கா வருகிறாள், கூடவே அவள் மகளும். "மாமா, அம்மாவை என்கூட அனுப்பிடுங்க, அங்க என்ன இருக்கு?" என்று போனில் நச்சரிக்கிறவள். "என் தையல் மிஷின் அங்க இருக்குடி, நான் எங்கயும் வரல" என்பதுதான் அக்காவின் ஒரே பதில். ஒழித்த சாமானை அள்ளுகிற டிராக்டரில் மிஷின் ஏறிவிட்டால் பதில் ஏது? வாயே இருக்காது அவளுக்கு, ஒரு வாரத்தில் மகள் கூட்டிப்போய்விடுவாள். ஊர்க்கோடிப் பள்ளத்தில் புகை தெரிந்தது. ஒழித்த சாமானைக் கொளுத்துகிறார்கள். அது வெறும் ஓலையாக இருக்கட்டும், பழம்பாயாக இருக்கட்டும், அக்காவின் மரக்கட்டிலாக மட்டும் இருக்க வேண்டாம்...

அக்கா வீட்டுப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது, கதவு திறந்து கிடந்தது. வாசற்படியில் அந்தப் பன்னிரண்டு பேரில் கண்ணாடி போட்ட ஒரு பெண், நாலு மாசம் போனைப் பார்த்தே நம் பேச்சைக் கற்றுக்கொண்டு வந்தவள், காவல்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, இது இல்லை இல்லை" என்றாள். "என்னம்மா சொல்ற?" "இது 'இல்லை' வீடு இல்லை. ஆள் இருக்கு. ஊசியில நூல் இருக்கு, பாதி ஜாக்கெட் இருக்கு. அதனால நான் இங்க உட்கார்ந்தேன், யாரும் எடுக்கல." எட்டிப் பார்த்தான். மிஷின், கட்டில், அலமாரி, ஊசிக்கடியில் நீலத்துணி, எல்லாம் வைத்தது வைத்தபடி. அவள் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்து சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது, வியர்வைதான் என்று சிமெண்டுக் கையாலேயே துடைத்து எரியவிட்டுக்கொண்டான். நம்ம ஊர்ப் பிள்ளை இவங்க ஊருக்குப் போனான், இவங்க பிள்ளை நம்ம ஊருக்கு வந்திருக்கு, கணக்கு சரிதான் போ... "நீ நல்லா இருப்ப, தாயி." தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. கேட்கட்டும். அக்கா வரட்டும், புதுக்கண்ணால் அவள் வீட்டை அவளே பார்க்கட்டும்.

"இந்தத் தெரு எல்லாம் அப்படித்தான் பார்த்தோம்" என்றாள் அவள். "எல்லா வீட்லயும் ஆள். கடைசி வீடு மட்டும் யாரும் இல்லை. பூட்டு கூட இல்லை." அவள் காட்டிய இடத்தில் டிராக்டர் நின்றது, மேலே ஒரு தகரப்பெட்டி, சுருட்டின பாய், ஒரு தட்டு. அவனுடைய வீடு, அவனுடைய பெட்டி. "டேய் நெட்டை, இறக்குடா, அது என்னோடது!" என்று கத்திவிட்டான், நெட்டையன் பதறி இறங்கி மன்னிப்பு மன்னிப்பு என்று பெட்டியை நீட்டினான். கோபம் வரவில்லை, வரவேண்டுமே என்று பார்த்தான், வரவில்லை, அக்கா மிஷின் தப்பியதே போதும் போலிருந்தது. பெட்டியைத் தோளில் வைத்தான், கனமே இல்லை. காலையில் இங்கே இருந்துதானே எழுந்து போனான், தட்டைக் கழுவிக் கவிழ்த்து, பாயைச் சுருட்டி, பொழுது விடியுமுன்... இந்தப் பெண் உள்ளே வந்து மூலை மூலையாகத் தேடியிருக்கிறாள், நல்ல கண்ணுள்ள பெண், இங்கே ஓர் ஆள் இருக்கான் என்று தெரிய அவளுக்கு என்ன அகப்பட்டிருக்க வேண்டும்?