தள்ளி வைத்தாச்சு

ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரைத் 'தள்ளி வைத்தாச்சு' என்றால் அவரை யாரும் அடிப்பதில்லை, விரட்டுவதில்லை. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் போட்டு வேலையும் கொடுப்பார்கள். ஆனால் வரிசை வீடுகளான லயத்தில் அவரோடு யாரும் பேசமாட்டார்கள். அவர் தண்ணீருக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நிற்பார்கள். செத்தால் பாடை தூக்க ஆள் வராது.

என் வீட்டுக்காரர் தம்பையாவைத் தள்ளி வைத்தது வாந்திபேதி வந்த வருஷம். கீழ் லயத்து இராக்கம்மாவின் மகள் செத்து, தூக்க ஆளில்லாமல் கிடந்தது. அப்பன் அழகையாவும் அவர் தம்பிமாரும் நோயில் படுத்திருந்தார்கள். அவர்கள் வேறு சாதி; அவர்கள் கையால் எங்கள் ஆட்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். இவர் போய்ப் பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். கோயில் முன்னே விழுந்து தப்பென்று சொன்னால் சேர்த்துக்கொள்வதாகத் தலைவர் மாடசாமி சொல்லியனுப்பினார். இவர் போகவில்லை. "தண்ணி எடுக்க நமக்கு வரிசையே இல்ல பாத்தியா, ராசா வீடு மாதிரி" என்று என்னிடம் சிரிப்பார்.

நாலு வருஷம் கழித்து, மார்கழிக் குளிரில் இவர் காய்ச்சல் கண்டு போய்விட்டார். விடிந்ததும் மாடசாமி வாசலுக்கு வெளியே வந்து நின்றார். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே ஊரிலிருந்து இந்தத் தோட்டத்துக்கு ஒன்றாக நடந்து வந்தவர்கள். மாடசாமியின் கண் கலங்கியிருந்தது.

"அவருக்காக நீ வந்து விழு தாயி. தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு. எல்லாரும் மேளத்தோட வாறோம்."

உள்ளே கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"பிள்ளையத் தூக்குனது தப்புன்னு நான் எப்படிங்க சொல்லுவேன்?"

மாடசாமி திரும்பிப் போனார்.

மத்தியானம் அழகையா தன் தம்பிமார் இருவரோடு வந்தார். நாலாவது ஆள் இல்லை. நான் வருகிறேன் என்றதும், பொம்பளை தூக்கக்கூடாதே என்று அழகையா தயங்கினார். நான் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக் குனிந்தேன். எங்கள் மேல் லயத்துக் கதவுகள் பாதி திறந்திருந்தன.

மாதம் ஒன்று போயிருக்கும். பக்கத்து வீட்டு ரெங்கம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணனத்தானே தள்ளி வெச்சது, அது அவரோட போச்சு மதினி. நீ பாடை தூக்குனதத் தலைவரு கண்டுக்கலயாம். இனிமே எல்லாரோடயும் இருக்கலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். மறுநாள் பெரட்டில் பெண்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். மழையைப் பற்றி, கொழுந்தைப் பற்றி, ரெங்கம்மாவின் ஆட்டைப் பற்றிப் பேசினார்கள். நானும் பேசினேன். அவர் பேரை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. நான் எடுத்தபோது பேச்சு நின்றது.

சாயங்காலம் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கீழ் லயத்துக்கு இறங்கி, இராக்கம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். எல்லாரும் பார்க்கத்தான் குடித்தேன்.