நாற்பது கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இத்தனை வினையே இல்லை. ஆனால் என் வாய் எந்தக் காலத்தில் மூடியிருந்தது?

தொண்ணூற்றாறாம் வருஷம், தை மாசம். கோயமுத்தூரில் ஒரு சிறப்புப் பள்ளியில் என் மகள் மோகனப்பிரியாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டது ரெபேக்கா என்கிற பெண். சைக்காலஜியில் ஆராய்ச்சி செய்கிறவள், இருபத்தேழு வயசிருக்கும். பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குறைந்தவர்கள் பெரியவர்களானதும் என்னென்ன வேலை பழக முடியும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் வேலை பழக்குவார்களாம். அதன் பிறகு ஒரு பம்ப் கம்பெனியில் நட்டு போல்ட்டுகளைப் பொட்டலம் போடுகிற வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம்.

அந்தப் பன்னிரண்டில் மோகனா ஒருத்தியாக இருக்கவேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அவளுக்குப் பத்தொன்பது வயசு. பேச்சு மெதுவாக வரும், எழுத்து கூடவில்லை. போன ஆடியில் எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தேன். அன்றிலிருந்து கட்டில் பக்கத்து ஸ்டூலில் காலையும் ராத்திரியும் மாத்திரையும் வெதுவெதுப்பான தண்ணீரும் வந்துவிடும். என் சம்சாரம் பழனாத்தாள் இந்த விஷயத்தில் கெட்டி. நான் விழுங்கிவிட்டு மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருப்பேன். எனக்குப் பின்னால் தோட்டத்தைப் பார்க்க நான் நீ என்று பங்காளிகள் வருவார்கள். இவளைப் பார்க்க எவன் வருவான்? படுத்தால் இதே யோசனைதான்.

"வீட்டுல ஏதாவது வேலை செய்வாங்களாங்கய்யா?" என்று கேட்டாள் ரெபேக்கா.

"எங்க ஊட்டுல அவளை ஒரு துரும்பு எடுத்துப்போட உடமாட்டமுங்க. எல்லாத்துக்கும் ஆளுக இருக்குது."

"பாத்திரம் கழுவுவாங்களா?"

"அவளுக்கு என்னத்துக்குங்க அந்த வேலை?"

"மாடு கன்னு பாத்துக்குவாங்களா?"

"கட்டுத்தறிப் பக்கமே போகமாட்டாளுங்க."

அத்தனையும் பொய். நாலு வருஷத்துக்கு முன்னால் தாராபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், என் காதுபட ஒருத்தி சொன்னாள்: "பாவம், அந்தப் புத்தியில்லாத புள்ளையப் பண்ணையத்தாளாட்டம் வேலை வாங்கறாங்க." நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து வெளியாள் யார் கேட்டாலும் என் மகள் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் சொல்வேன். சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. மோகனா பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். இரண்டு மூன்று தடவை என் முகத்தைப் பார்த்தாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாற்பது கேள்வியும் முடிந்ததும் ரெபேக்கா காகிதத்தை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள்.

"ஒம்பதுக்குத்தாங்கய்யா செய்வாங்கன்னு வந்திருக்குது. கொறைஞ்சது இருபது வந்தாத்தான் பழக்கறதுக்கு எடுத்துக்க முடியும்."

மகளை ஒசத்திப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நானே அவள் தலையில் மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன். உடனே எல்லாவற்றையும் உளறினேன். பால் கறப்பது அவள்தான், தவுடு கரைப்பது அவள்தான், நான் சொன்னதெல்லாம் பொய் என்றேன்.

"இப்ப சொல்றதை நான் எப்படிங்கய்யா நம்பறது? இடம் கெடைக்கறதுக்காகச் சொல்றீங்கன்னு எனக்குத் தோணாதுங்களா?"

அவள் கேட்டது நியாயம்தான். நான் முழிப்பதைப் பார்த்து அவளுக்கே மனசு இரங்கிவிட்டது.

"நாளன்னிக்குப் பட்டியல் குடுக்கணும். நாளைக்குச் சாயந்திரம் நானே உங்க வீட்டுக்கு வந்து பாக்கறேன். ஆனா நீங்க கையும் வெக்கக்கூடாது, வாயும் தொறக்கக்கூடாது. நீங்க ஒத்தாசை பண்ணினா அந்த மார்க்கு அவங்களுக்கு வராது."

மறுநாள் விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கட்டுத்தறிக்கும் எத்தனை நடை நடந்தேனோ தெரியாது. மாடு உதைத்துவிட்டால்? கன்று அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டால்? புது ஆளைப் பார்த்ததும் மோகனா மூலையில் போய் நின்றுகொண்டால்? "போயி ஒரு எடத்துல உக்காருங்க, மறுக்கா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நிக்கப் போறீங்க" என்று பழனாத்தாள் மூன்று தரம் சத்தம் போட்டாள். என்னால் எங்கே உட்கார முடிந்தது?

நாலு மணிக்குத் தொண்டாமுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ரெபேக்கா வந்து சேர்ந்தாள். மோகனா எப்போதும் போலக் கட்டுத்தறிக்குப் போனாள். கன்றை ஊட்டவிட்டாள், இழுத்துக் கட்டினாள், மடியைக் கழுவிவிட்டுக் குந்தினாள். ஒரு தடவை மாடு காலைத் தூக்கியது. பிடிக்கலாம் என்று நான் எழுந்துவிட்டேன். ரெபேக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் உட்கார்ந்துவிட்டேன். மோகனா மாட்டின் தொடையைத் தட்டிக்கொடுத்து என்னமோ சொன்னாள். அது காலைக் கீழே வைத்தது.

கறந்த பாலைப் போசியில் ஊற்றி மூடியதும் ரெபேக்கா கேட்டாள்.

"பாலை யாரு கொண்டுபோயி ஊத்தறது?"

"அது நானுங்க. சொசைட்டி ரோட்டு மேல இருக்குதுங்க, அரை மைல் வரும். யானை எறங்கற தடம் வேற. அவளைத் தனியா உடறதில்லீங்க."

"யானை இந்த நேரத்துல வருமாங்கய்யா?"

பகலில் ஒரு நாளும் வந்ததில்லை. அதையும் ஒப்புக்கொண்டேன்.

"அப்ப இன்னிக்கு அவங்க போகட்டும்."

மோகனா போசியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடந்தாள். போக வர இருபது நிமிஷம். இருபது ஆயிற்று. முப்பது ஆயிற்று. ரெபேக்கா கைக்கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். நாற்பது நிமிஷம் ஆனதும் எனக்குப் பொறுக்கவில்லை. மார்க்காவது மண்ணாங்கட்டியாவது என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். ரெபேக்காவும் பின்னாலேயே வந்தாள்.

சொசைட்டியில் எல்லாரும் பால் ஊற்றி முடித்துவிட்டு ஏழெட்டுப் பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மோகனா மட்டும் நிறைந்த போசியோடு சுவர் ஓரமாக நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பால் அளக்கிற சுப்பண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏப்பா, புள்ளையை இப்படி நிக்க வெச்சிருக்கறே? உனக்குக் கண்ணு தெரியாதா?"

"என்னையக் கோவிச்சா எப்படிங்க? புள்ள தனியாக் கொண்டாந்தா வாங்காதே, ஊரு நாலு விதமாப் பேசும்னு நீங்கதானுங்க சொன்னீங்க? உங்கப்பன் வரட்டும் கண்ணு, நில்லுன்னு நிறுத்தி வெச்சிருக்கறேனுங்க."

சொன்னேன்தான். அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்த வாரமே சொன்னேன். நானே மறந்துபோனதை அவன் நாலு வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறான். நின்றிருந்தவர்களெல்லாம் என்னையே பார்த்தார்கள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சுவர் ஓரத்தில் கை மாற்றிக்கூட வைக்காமல் அவள் போசியைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், அந்த அவமானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்று தோன்றிவிட்டது.

"சுப்பண்ணா, இந்தப் பாலைக் கறந்தது இவதான். ஆறு வருசமா இவதான் கறக்கறா. சாணி எடுக்கறது, தவுடு கரைக்கறது எல்லாமே இவதான். நான் கொண்டாந்து ஊத்தினதெல்லாம் இவ கறந்த பால்தான். இனிமே இவளே வருவா, வாங்கிக்க."

பழக்க தோஷத்தில் ஊற்றுவதற்காகப் போசியை வாங்கக் கை நீட்டினேன். மோகனா அதை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க போங்கப்பா. நான் ஊத்திப்போட்டு வாரேன்."

வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் அந்த அரை மைல் நடப்பதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. ரெபேக்காவும் கூடவே நடந்தாள். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்து முடிப்பதற்குள் மோகனா வந்து, போசியைக் கழுவிக் கல்லின் மேல் கவிழ்த்து வைத்தாள். ரெபேக்கா புதுக் காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"மறுபடியும் மொதல்ல இருந்து கேக்கறேங்கய்யா."

"என்னையக் கேக்காதீங்க அம்மணி. அவளையே கேளுங்க."

மோகனாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் நேரமாயிற்று. இடையில் எடுத்துக்கொடுக்காமல் இருப்பதற்காக நான் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். கடைக்கு அனுப்பியதில்லை, பஸ்ஸில் தனியாக விட்டதில்லை, அதெல்லாம் 'இல்லை'தான். அந்த 'இல்லை'க்கெல்லாம் காரணம் நான்தான். முப்பத்தொன்பது கேள்வி முடிந்தபோது பத்தொன்பது வந்திருந்தது.

"கடைசிக் கேள்வி. வீட்டுல வேற யாரையாவது நீங்க பாத்துக்குவீங்களா? கைக்குழந்தை, உடம்பு சரியில்லாதவங்க, அந்த மாதிரி?"

போச்சு. எங்கள் வீட்டில் குழந்தைக்கு எங்கே போவது? மோகனா பழனாத்தாளைப் பார்த்தாள். பழனாத்தாள் வேண்டாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

"அப்பாவுக்கு மாத்திரை குடுப்பேனுங்க" என்றாள் மோகனா. "காலைல வெள்ளை ஒண்ணு, மஞ்சள் பாதி. ராத்திரிக்கு ரோஸு ஒண்ணு. தண்ணி காய வெச்சுக் குடுக்கோணும். அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்க."

நான் பழனாத்தாளைத் திரும்பிப் பார்த்தேன்.

"பொரை உளுந்துபோச்சுங்க, எனக்கு நெறமே தெரியறதில்லை" என்றாள் அவள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாளா அவதான் எடுத்து வெக்கறா. ஒரு நாளு தப்பினதில்லை. சொன்னா நீங்க தாம் தூம்னு குதிப்பீங்கன்னு சொல்லலை."

குதித்திருப்பேன். என் உயிரைக் கொண்டுபோய் அவள் கையிலா கொடுத்தாய் என்று கேட்டிருப்பேன்.

ரெபேக்கா பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இது நெசமாங்கய்யா?"

முந்தின நாள் முப்பத்தொரு தடவை இல்லை இல்லை என்று சொன்ன வாய்க்கு, அந்த ஒரு 'ஆமாங்க'வைச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று.