மேலே கொடுத்த கேஸ்

அப்பாவின் மருத்துவப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே டி.பி. என்று எழுதியிருக்கிறது. பதினான்கு வருடமாக அப்படித்தான். டி.பி.க்கான மாத்திரைகளை மூன்று முறை முழுதாகத் தின்று முடித்தும் இருமல் நிற்கவில்லை, அந்த எழுத்தும் மாறவில்லை. அது டி.பி. இல்லை என்பது எங்கள் லைனில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், எல்லோருக்கும் தெரியும். அப்பா பதினேழு வருடம் சுரங்கத்துக்குள் கல்லைத் துளைத்தவர். நெஞ்சில் கல்தூசி படிந்திருக்கிறது. அதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். ஒரு டாக்டர் அந்தப் பெயரைத் தாளில் எழுதி சீல் வைத்துவிட்டால் அது வேலை கொடுத்த நோய். எழுதாதவரை அது ஒட்டிக்கொள்ளும் நோய், எங்கள் வீட்டு நோய். அக்கா விமலாவைப் பெண் பார்க்க பூதிகோட்டையிலிருந்து வந்தவர்கள், டி.வி. மேல் கிடந்த அந்தப் புத்தகத்தைப் புரட்டிய பிறகு காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

அப்பாவுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான். அதற்காக அவர் யாரிடமும் எங்கும் போகத் தயாராக இருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் மமதா மேடம் வந்தார். டில்லியில் பிறந்தவர், பெங்களூரில் சட்டம் சொல்லிக்கொடுக்கிறவர். சர்வதேச மனித உரிமைச் சட்டத்தில் ஆராய்ச்சி செய்கிறார் என்று டைட்டஸ் அண்ணன் கூட்டிவந்தார். டைட்டஸ் அண்ணன் முன்பு சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் செயலாளர். இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், பழைய தொழிலாளிகளின் மனுக்களை இன்னும் அவர்தான் எழுதித் தருகிறார். மேடத்துக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் அரைகுறை. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றதும் அண்ணன் என்னைக் காட்டினார். "முனியப்பன் பொண்ணு சுமா. சத்தம் வராது, ஆனா தப்பு வராது" என்றார்.

நான் பத்தாவதோடு நின்றவள். அம்மாவும் அக்காவும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்விடுவதால் அப்பாவோடு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. ஆண்டர்சன்பேட்டையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தேன். வாசித்தால் புரியும். பேசத்தான் தடுமாறும். இங்கிலீஷ் மட்டுமில்லை, நாலு பேர் எதிரே எந்த பாஷையும் தடுமாறும்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைன் முனையிலிருக்கும் பஜனை மண்டபத்தில் மேடம் உட்கார்ந்தார். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒருவர் கையில் அச்சடித்த தாளோடு வந்தால் அவர் எதற்கு வந்தார் என்று கேட்க மாட்டார்கள். பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதில் எல்லாம் இருக்கும். வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், ரேஷன் கார்டு, ஓரம் சுருண்ட எக்ஸ்ரே, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஆறு. அன்றும் இருபது பேர் கவரோடு வந்தார்கள். அப்பா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார்.

பேட்டிக்கு முன்னால் ஒரு சம்மதப் படிவம். மேடம் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படிக்க, நான் தமிழில் சொல்ல வேண்டும். இது ஆராய்ச்சிக்காக என்று சொன்னேன். உங்கள் பெயர் வெளியே வராது என்று சொன்னேன். அடுத்த வரி, இதில் பங்கேற்பதால் உங்களுக்கு நேரடியாக எந்தப் பலனும் கிடையாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா முன்வரிசையில் கவரை மடிமேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெண் ஒரு மேடத்தின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதை அவர் அதுவரை பார்த்ததில்லை. நான் குனிந்து தாளைப் பார்த்தேன். மேடம் காத்திருந்தார். சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று மெதுவாகச் சொன்னார். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அப்பாவின் பேட்டி இரண்டு மணி நேரம் நடந்தது. எந்த ஆழத்து லெவலில் வேலை, தண்ணீர் ஊற்றாமல் துளைத்தால் தூசி எப்படி எழும்பும், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்து துப்பினால் எச்சில் என்ன நிறம், எல்லாம் சொன்னார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், செப்டம்பரில் ஜெனீவாவில் ஒரு மாநாடு, அங்கே உங்கள் கதையைப் பேசப்போகிறேன் என்றார். அதை நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். அது உண்மைதான். அந்த உண்மைதான் எங்களைக் கெடுத்தது. அப்பாவுக்கு ஜெனீவா தெரியும். ஐ.நா. சபை அங்கேதான் இருக்கிறது என்று சங்கக் கூட்டங்களில் கேட்டிருக்கிறார். அவர் படிவத்தில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார். கூடவே இரண்டு போட்டோவையும் நீட்டினார். மேடம் வேண்டாமென்று சிரித்தார். அப்பா விடவில்லை, மேடத்தின் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

மே மாதம் டைட்டஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கோலாரில் மெடிக்கல் போர்டு உட்காரப்போகிறது, நுரையீரல் டாக்டரே வருகிறார், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து சிலிகோசிஸ் என்றால் அன்றைக்கே சர்டிஃபிகேட் என்றார். பேர் கொடுத்தால் போதும், வேன் ஏற்பாடு செய்திருக்கிறார்.

அப்பா வேண்டாமென்றார்.

இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். மைன்ஸை மூடிய காலத்தில் எங்கள் ஆட்களில் சிலர் இரண்டு சங்கத்திலும் பெயர் கொடுத்தார்கள். இவன் அந்தப் பக்கம் போயிருக்கிறான் என்று இவர்களும், இந்தப் பக்கம் வந்தவன் என்று அவர்களும் மனுவைத் தூக்கிப் போட்டார்கள். பெயர் கொடுத்தவர்கள் இரண்டுமில்லாமல் நின்றதை லைனே பார்த்தது. அன்றிலிருந்து ஒரு கேஸை ஒரு இடத்தில்தான் கொடுப்பது, கொடுத்துவிட்டால் முடியும்வரை வேறு படி ஏறுவதில்லை. அப்பா இந்த விஷயத்தில் சாமி கும்பிடுவதைவிடக் கண்டிப்பானவர்.

"நம்ம கேஸ் ஜெனீவாவுல கீது டைட்டஸ். இப்ப கோலார்ல போயி நின்னா அது கெட்டுப்போவும்" என்றார்.

டைட்டஸ் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். அது கேஸ் இல்லை, அந்தம்மாவின் படிப்பு என்று எடுத்துச் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உன் சங்கத்து வழியா போவலன்னு உனக்கு எரிச்சல்" என்றார். அண்ணன் முகம் சுண்டிப் போனது. நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். படிவத்தில் ஒரு வரி இருந்தது, நான் விழுங்கிவிட்டேன் என்று ஒரு வாக்கியம். டைட்டஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டம்ளரை எடுக்கிற மாதிரி உள்ளே போனேன்.

வேனில் ஒன்பது பேர் போனார்கள். ஏழு பேர் சர்டிஃபிகேட்டோடு வந்தார்கள்.

ஜூனில் மேடம் போன் செய்தார். போர்டு நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. உன் அப்பா ஏன் போகவில்லை என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். அப்பா, "மேல கொடுத்தாச்சு. திரும்பக் கீழ போவக்கூடாது. அவ்ளோதான்" என்றார். நான் அதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். மேடம் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, ரொம்ப ஆழமான பேச்சு, அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்றார். அப்பா ஏன் அப்படி நினைக்கிறார் என்று மேடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விழுங்கிய வரி வெளியே வந்திருக்கும். அவர் கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த பிப்ரவரியில் கட்டுரை வந்தது. வெளிநாட்டுச் சட்டப் பத்திரிகை ஒன்றில் நாற்பத்தொரு பக்கம், இருநூறுக்கு மேல் அடிக்குறிப்பு. மேடம் நன்றியோடு எனக்கு அனுப்பியிருந்தார். போனில் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு பதினோரு நாள் படித்தேன். முதலில் புரியாமல் படித்தேன். பிறகு புரிந்து படித்தேன்.

சர்வதேச அமைப்புகளிடம் முறையிட வேண்டுமென்றால் முதலில் சொந்த நாட்டில் இருக்கும் எல்லா வழிகளிலும் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம். அந்த விதி ஏழைகளுக்கு அநியாயம் என்பது மேடத்தின் வாதம். அதற்குச் சாட்சி எங்கள் ஊர். ஊர் பெயர் இல்லை, தென்னிந்தியாவில் மூடப்பட்ட ஒரு சுரங்க நகரம். அப்பா பெயரும் இல்லை, அவர் பதினோராம் நபர். பதினோராம் நபர் வீட்டுவாசலுக்கு வந்த மருத்துவப் பரிசோதனையை மறுத்தார். இது அறியாமை அல்ல. உள்நாட்டு நிவாரணங்கள் வெறும் சடங்கு என்பதை உடம்பால் அறிந்தவரின் நிராகரிப்பு. கட்டுரையின் தலைப்பே அப்பா சொன்னதுதான், மேலே கொடுத்த பின் கீழே போகக்கூடாது.

முப்பத்தாறாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது. தனிநபர் புகார்களை ஏற்கும் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அதனால் இங்கிருந்து ஒரு தனி ஆள் ஐ.நா.வின் குழுவிடம் புகார் கொடுக்கவே முடியாது. அப்பா ஒரு வருடமாகக் காத்திருந்த கதவு செங்கல் வைத்துக் கட்டிய சுவர். மேடத்துக்கு அது அடிக்குறிப்பு.

மேடம் பொய் எழுதவில்லை. அவர் கேட்டதை எழுதியிருக்கிறார். பொய் என்னுடையது. என் ஒரு வரி மௌனத்தின் மேல் நாற்பத்தொரு பக்கம் கட்டியிருக்கிறார், அது நன்றாகவே நிற்கிறது.

மார்ச்சில் டைட்டஸ் அண்ணன் மறுபடி வந்தார். மெடிக்கல் போர்டு இன்னொரு முறை உட்காருகிறது, ஏப்ரல் பன்னிரண்டு. பழைய மைன்ஸ் ஆட்களுக்கு இதுதான் கடைசி என்றார். அப்பா அதற்குள் இளைத்துப் போயிருந்தார். கக்கூஸ் வரை நடந்துவிட்டு வந்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்பார். இருந்தும் தலையை ஆட்டினார்.

அன்றுதான் பேசினேன். அண்ணன் எதிரிலேயே சொன்னேன். ஜெனீவாவில் கேஸ் இல்லை, அது ஆராய்ச்சி, பலன் கிடையாது என்று படிவத்திலேயே இருந்தது, நான்தான் சொல்லவில்லை. வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. டைட்டஸ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"உனக்கு இன்னா தெரியும்? நீ பத்தாவது. அந்தம்மா சட்டம் படிச்சவங்க. ரெண்டு மணி நேரம் எழுதினாங்களே, சும்மாவா எழுதுவாங்க? டைட்டஸ் சொல்லிக்கொடுத்தானா?"

பேசாத வரியை நம்பியவர் பேசிய வரியை நம்பவில்லை.

அம்மா இரவு ரயிலில் வந்து எல்லாவற்றையும் கேட்டாள். அம்மா குணசுந்தரி கத்துகிறவள் இல்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, கேஸ் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், அந்தம்மாவுக்கு லெட்டர் போட்டு நம் பேரை எடுத்துவிடச் சொல்லலாம், எடுத்துவிட்டால் ஒரே இடம்தானே, டைட்டஸோடு போகலாமில்லையா என்றாள். விமலா பேரைச் சொல்லவில்லை, ஆனால் விமலா அங்கேயே நின்றிருந்தாள். அப்பா மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள், எழுது என்றார்.

இல்லாத கேஸை வாபஸ் வாங்கி ஒரு கடிதம் எழுதினேன். பதினோராம் நபரான என் தகப்பனார் உங்கள் ஆராய்ச்சியிலிருந்து விலக விரும்புகிறார், தயவுசெய்து அவர் சொன்னதை நீக்கிவிடுங்கள். காரணத்தையும் எழுதினேன். நான் விழுங்கிய வரியையும் எழுதினேன்.

பதில் ஏப்ரல் ஒன்பதாம் தேதி வந்தது. அன்பான கடிதம். நீ சொன்னது என்னை மிகவும் பாதித்தது, மொழிபெயர்ப்பாளரின் மௌனம் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று தோன்றுகிறது என்று எழுதியிருந்தார். ஆனால் கட்டுரை வெளியாகிவிட்டது. ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் விதிப்படி, வெளியான பின் ஒருவர் சொன்னதை நீக்க முடியாது.

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். எதிரே ஸ்டூலில் டைட்டஸ் அண்ணன், மடியில் பேர் எழுதும் நோட்டு. நான் முன்பே முடிவு செய்திருந்தேன். இந்த முறை வேண்டுமென்றே பொய் சொல்லப் போகிறேன். எடுத்துவிட்டார்களாம், நீ போகலாமாம். அவ்வளவுதான்.

"எடுத்துட்டாங்களாம்பா" என்றேன்.

"இங்கிலீஷ்ல படி" என்றார்.

"எதுக்குப்பா? அதான் சொல்றேனே."

"படி. எனக்கும் ரெண்டு வார்த்தை தெரியும்."

பதினேழு வருடம் இங்கிலீஷ் அறிவிப்புப் பலகைகளுக்குக் கீழே வேலை செய்தவர். படித்தேன். வேகமாக, முழுங்கி முழுங்கிப் படித்தேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"கேனாட்னு வந்துச்சே. எடுக்க முடியாதுன்றாங்களா?"

நான் கடிதத்தை மடித்தேன்.

அப்பாவின் முகம் மெல்ல மாறியது. ஒரு வருடமாக நான் பார்க்காத ஒரு தெளிவு. தலையணையில் கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா டைட்டஸ்? நாமளே வேணாம்னு சொல்லியும் வுட மாட்டேன்றாங்க. கேஸ் அவ்ளோ பலமா கீது."

டைட்டஸ் அண்ணன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா இருமல் வந்து அடங்கும்வரை காத்திருந்து, அண்ணனுக்குக் காபி போடச் சொன்னார். குடித்துவிட்டுத்தான் போக வேண்டுமென்று கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் குடித்தார். நோட்டை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டாம் தேதி காலை வேன் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வேனில் போகிறவர்களைப் பார்த்து, பாவம் என்றார்.